தபால்காரர் வழுக்கி விழவில்லை

“அந்த ஆட்டுக்குப் பேரெல்லாம் உண்டா?”

“உண்டுக்கா. பிரிகிட்டா.”

“ஆட்டுக்கா? எங்க சர்ச் கொயர்ல ஒரு பிரிகிட்டா ஆன்ட்டி இருக்காங்க, பாவம்.”

“அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. இந்த பிரிகிட்டா மாதா கோயில் கூரை மேல ஏறி நின்னுக்கிட்டு இறங்கவே மாட்டேன்னு அடம்பிடிக்கும். இன்ஸ்பெக்டர் ஏணி வெச்சு ஏறுவார். ஆடு அவரைப் பாக்கும், அவர் ஆட்டைப் பாப்பார். புத்தகம் முடிஞ்சிடும்.”

“அவ்வளவுதானா? அப்ப கொலை?”

“கொலையே கிடையாதுக்கா.”

ஜெரூஷா அக்கா சிரித்துவிட்டார். வந்து பத்து நிமிடத்தில் அதுதான் அவருடைய முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன். மூன்று மணி வெயிலில் முடிச்சூர் வரைக்கும் காரோட்டி வந்தவரைச் சிரிக்க வைப்பது நல்ல காரியம்தானே. எலுமிச்சை ஜூஸில் உப்பு போடவா, சர்க்கரை போடவா என்று கேட்டதற்கு, “ரெண்டும் போடு மாளு, என் வாழ்க்கை இப்ப அப்படித்தான் போயிட்டிருக்கு” என்றார். அவர் யூனிஸ் ஆன்ட்டியின் ஒரே மகள். பெங்களூரில் வேலை. யூனிஸ் ஆன்ட்டிதான் ஆர்வோ கெல்லமாவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். கெல்லமா யார் என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அவர்கள் இனிமேல்தான் அவருடைய முதல் புத்தகத்தைத் திறக்கப் போகிறார்கள்.

கெல்லமா பால்டிக் கடலோரத்தில் ஏதோ ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்து துப்பறியும் நாவல் எழுதுகிறவர். அவருடைய இன்ஸ்பெக்டர் ரூலோவுக்கு வயிற்றில் புண், காலில் ஓர் அளவு பெரிய பூட்ஸ். யாரையும் அதட்ட மாட்டார். சாட்சிகளின் வீட்டில் சமையலறை வரைக்கும் போய் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தபடியே கேள்வி கேட்பார். கடைசி அத்தியாயத்தில் ஒரு பெயரைச் சொல்வார். அதைக் கேட்டதும் உச்சந்தலையில் ஜில்லென்று இருக்கும். அந்தப் பெயர் நமக்கு முன்பே தெரிந்ததுபோலவும் இருக்கும், தெரியாததுபோலவும் இருக்கும். அந்த ஒரு நொடிக்காக நான் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் காத்திருப்பேன்.

2015 வெள்ளத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் கழுத்தளவு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. மாடி வீட்டு ராஜகோபால் மாமா எங்களையும் இன்னும் மூன்று குடும்பங்களையும் மேலே ஏற்றிக்கொண்டார். இரண்டு அறையில் பதினைந்து பேர், நாலு நாள். எல்லோரும் ஹெலிகாப்டர் பிஸ்கட் போடுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வீட்டில் இருந்த ஒரே கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ரூலோவின் முதல் வழக்கு, தமிழில் யூனிஸ் ஜீவரத்தினம். நாலு நாளில் மூன்று தடவை முடித்தேன். படகு வந்து நின்றபோது அம்மா என்னைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. என் பாடப்புத்தகங்கள் எல்லாம் கூழாகிப் போயிருந்தன. நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் இருந்ததில்லை.

அதனால் பி.காம். முடித்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் பட்டாபிராமன் சார் பதிப்பகத்தில் டைப்பிங்குக்கும் புரூப் பார்க்கவும் ஆள் தேவை என்று கேள்விப்பட்டபோது, என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எதையும் கேட்காமல் மாடி ஏறினேன். கெல்லமாவின் பதிப்பாளர் அவர்தான்.

“ஆன்ட்டி கையால எழுதித்தான் குடுப்பாங்கம்மா. கம்ப்யூட்டர்ல எழுதினா வார்த்தை வரமாட்டேங்குதாம். உனக்கு அது ஓகேவா?” என்று சார் கேட்டார்.

எனக்கு அது ஓகேதான்.

யூனிஸ் ஆன்ட்டி ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். வயது ஐம்பத்தெட்டு. கணவர் இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் சின்ன வீடு, வாசலில் ஒரு சீதா மரம். தினமும் காலை ஜெபத்துக்குப் பிறகு பதினொரு மணி வரை மொழிபெயர்ப்பார். லாங் சைஸ் நோட்டு, பச்சை மை. பச்சை மை ஆபீஸ் காலத்துப் பழக்கம். வலது பக்கத்தில் மட்டும் எழுதுவார், இடது பக்கம் திருத்தங்களுக்கு. ஒவ்வொரு பக்கத்தின் இடது மூலையிலும் ஒரு சின்னச் சிலுவை. அவருடைய ‘ழ’வின் வால் அடுத்த வரி வரைக்கும் இறங்கி வரும். ஒரு புத்தகத்துக்கு ஆறு நோட்டு ஆகும். நான் டைப் செய்து, இரண்டு தடவை புரூப் பார்த்து, அச்சுக்கு அனுப்பிவிட்டு, நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அச்சான புத்தகத்தை அவர் ஒரு வருடத்துக்குத் திறக்க மாட்டார். “திறந்தா முதல்ல தப்புதான் கண்ணுல குத்தும். நீ பாத்துட்டல்ல, அது போதும்” என்பார்.

இப்படி ஐந்து வருடம். நான்கு ரூலோக்கள். சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். முட்டை போண்டா சுடுவார். யார் கொலைகாரர் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் கடைசி நோட்டை மட்டும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாகத் தருவார். அப்படியும் ஒரு மனுஷி இருப்பாரா.

ஒரு சனிக்கிழமை அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவருடைய அம்மாவுக்குக் கடைசி நான்கு வருடம் எல்லாம் மறந்துவிட்டதாம். ஆன்ட்டியை ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று கூப்பிடுவாராம், நர்ஸ் என்று நினைத்து. “எனக்கும் அப்படி ஆச்சுன்னா நீதான் மாளு முதல்ல கண்டுபிடிப்ப. எழுத்துல தெரிஞ்சிடும்ல. மறைக்காம என்கிட்ட சொல்லிடணும், சரியா?” என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். வாய் நிறைய போண்டா இருந்தது.

பிறகு ஒன்பதாவது நாவல் வந்தது.

அதைப் பற்றி என்னால் இன்றைக்கும் ஒரே கருத்தாகப் பேச முடியாது. ஒரு தீவு. கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டடியில் தபால்காரர் செத்துக் கிடக்கிறார். ஏழு பேர் மேல் சந்தேகம், ஏழு பேருக்கும் காரணம் இருக்கிறது. இருபத்தேழு அத்தியாயம் ரூலோ ஏழு சமையலறைகளில் உருளைக்கிழங்கு உரிக்கிறார். கெல்லமா இவ்வளவு அழகாக அதற்கு முன் எழுதியதே இல்லை. இருபத்தெட்டாவது அத்தியாயத்தில் ரூலோ தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்கிறார்: படி ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது, அவ்வளவுதான். பிறகு மூன்று அத்தியாயம் ஹில்மா என்கிற விதவைக் கிழவியின் தொலைந்துபோன ஆட்டைத் தேடுகிறார்.

பொறுக்க முடியாமல் முன்கூட்டியே வாங்கிப் படித்த ஆங்கிலப் பதிப்பைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். பிறகு குனிந்து எடுத்துத் தூசி தட்டி முதலிலிருந்து படித்தேன். மொத்தம் பதினொரு தடவை படித்திருக்கிறேன். ஆடு கூரையில் நிற்கிற இடத்தில் பதினொரு தடவையும் சிரித்தேன். சிரித்ததற்காகப் பதினொரு தடவையும் கோபம் வந்தது. நமக்கு ரொம்பப் பிடித்த, ரொம்பக் கண்ணியமான ஒரு சித்தப்பா கல்யாண மண்டபத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும். அவர் நன்றாகவே ஆடுகிறார் என்பதுதான் அதில் கஷ்டம்.

ஆன்ட்டிக்கு என்னைப் போல எந்தக் குழப்பமும் இல்லை. “இதுதான்டி அவரோட பெஸ்ட். ஆயுசு பூரா எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுஷன், ஒருநாள் யாரையும் சந்தேகப்படாம ஒரு ஆட்டைத் தேடிப் போறான். எனக்கு அழுகையே வந்துடுச்சு” என்றார். ஆறாவது நோட்டை வழக்கம்போல ரப்பர் பேண்ட் போட்டுத் தந்தார், அதில் மறைக்க ஒன்றுமே இல்லாதபோதும்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனித்திருந்தேன். நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது. தபால்காரர் தினமும் கிழவியின் வீட்டைக் கடந்து போகிறார், கிழவி ஒருநாள்கூட எனக்குக் கடிதம் உண்டா என்று கேட்டதில்லை. கடலுக்குப் போன மகன் இருக்கிற ஒரு தாய், கேட்டதில்லை. கெல்லமா அந்த வரியை எழுதிவிட்டு மறந்துவிட்டார். எனக்கு மறக்க முடியவில்லை. ஏன் கேட்கவில்லை? முப்பது வருடக் கடிதங்களை அந்த ஆள் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால். இதை நான் கண்டுபிடித்தது குரோம்பேட்டை பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில். என் நிறுத்தம் போய்விட்டது, அதற்கடுத்த நிறுத்தமும் போய்விட்டது. பல்லாவரத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் நின்றபோது எனக்குக் கால் தரையில் இல்லை.

கடைசி மூன்று அத்தியாயங்களை நான் எழுதினேன்.

ஒன்பது நாள் ஆயிற்று. டைப்பிங்கை வீட்டிலிருந்தே செய்ய சார் விட்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் ஆபீஸ் போன பிறகு, காலை பத்திலிருந்து நாலு மணி வரை. ஆன்ட்டியின் தமிழில்தான் எழுதினேன். ஐந்து வருடம் ஒருவருடைய வாக்கியங்களை டைப் செய்தால் அவை எங்கே மூச்சு விடும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கிழவி ரூலோவுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே ஒப்புக்கொள்கிற இடத்தை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இருபத்தெட்டாவது அத்தியாயத்தில் நான்கு வரி மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. ஒரு நல்ல நாவலுக்குள் கதவு ஏற்கெனவே இருக்கும், தள்ளினால் திறந்துகொள்ளும்.

அதன் பிறகு தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் அதே மாதிரி லாங் சைஸ் நோட்டும் பச்சை மைப் பேனாவும் வாங்கினேன். இருபத்தெட்டாவது அத்தியாயத்திலிருந்து முடிவு வரை, ஆறாவது நோட்டு முழுவதையும் ஆன்ட்டியின் கையெழுத்தில் எழுதினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்பார்கள் என்ற நினைப்பும் இல்லை. கேள்வி வருவதற்கு முன்பே சாட்சியம் தயாராக இருக்க வேண்டும் என்பது இந்த வகைப் புத்தகங்கள் படிப்பவர்களுக்குத் தானாக வந்துவிடுகிற பழக்கம். நாற்பத்தொரு பக்கம், நாற்பத்தொரு சிலுவை. ‘ழ’வின் வால்கள் எல்லாம் அடுத்த வரி வரைக்கும் இறங்கின. இடது பக்கங்களில் அங்கங்கே திருத்தங்களும் செய்தேன், அவர் செய்வதுபோல ஒரு வார்த்தையை இரண்டு தடவை யோசித்து. அதைத்தான் மற்ற ஐந்து நோட்டுகளோடு திருப்பிக் கொடுத்தேன். அவருடைய அசல் ஆறாவது நோட்டைப் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குள் வைத்தேன். கிழித்துப்போட மனம் வரவில்லை. எனக்கு அந்த ஆட்டைப் பிடிக்கும் என்று சொன்னேனே.

ஜனவரியில் புத்தகம் வந்தது. கெல்லமாவின் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் தமிழில் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை. அடுத்த நான்கு மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பாக வருகிறது. வாசகர்கள் ஆன்ட்டிக்குப் போன் செய்து, “மேடம், அந்தக் கிழவி பின்னிட்டா” என்பார்கள். ஆன்ட்டி ஆட்டுக் கிழவியை நினைத்துக்கொண்டு, “ஆமாப்பா, என்னா மனுஷி அவ” என்பார். “கடைசில ரூலோவைப் பாத்து ஒரு வார்த்தை கேப்பா பாருங்க, தூக்கமே வரல மேடம்” என்பார்கள். “எனக்கும்தான்” என்பார் ஆன்ட்டி. இரண்டு பேரும் இரண்டு புத்தகத்தைப் பற்றிப் பேசி, இரண்டு பேரும் மனம் நிறைந்து போனை வைப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்த எனக்கு, அந்தப் பாராட்டெல்லாம் என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போவதுபோல இருக்கும். ஒரு மொழிபெயர்ப்புப் பரிசின் இறுதிப் பட்டியலிலும் புத்தகம் இருந்தது.

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் கூடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மே மாதக் கூட்டத்தில் ஸ்ரீவத்சன் எழுந்தான். ஐ.டி. கம்பெனிக்காரன், நல்ல பையன், எதையும் ஆங்கிலத்திலும் படித்துவிட்டுத்தான் வருவான்.

“ஆன்ட்டி, ஒரு சின்ன டவுட். இங்கிலீஷ்ல கிழவி கொலை பண்ணவே இல்லையே. ஆடுதானே தேடுறாங்க?”

“ஆமாப்பா, ஆடுதான். கூரை மேல ஏறி நிக்குமே.”

“தமிழ்ல ஏறல ஆன்ட்டி.”

“என்னது ஏறல?”

“ஆடு. தமிழ்ல ஆடே தொலையல. கிழவி அதுக்குத் தழை போட்டுட்டே போலீஸ்காரர்கூட நடந்து போயிடறா.”

எல்லோரும் சிரித்தார்கள், ஆன்ட்டியும்தான். சமோசா வந்துகொண்டிருந்தது. பிறகு ஸ்ரீவத்சன் புத்தகத்தை விரித்து அவர் மடியில் வைத்தான். அவர் படித்தார். பட்டாபிராமன் சார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு மிச்சம் இருந்தது.

“மாளு, டைப்பிங்ல ஏதாவது கலந்துபோச்சாம்மா?”

“நோட்டுல இருந்ததைத்தான் ஆன்ட்டி அடிச்சேன்.”

நான் சொன்னதில் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். அடித்தது நோட்டில் இருந்ததைத்தான்.

அன்றைக்கு இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்து ராஜகீழ்ப்பாக்கம் போனோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் அலமாரியைத் திறந்து ஆறாவது நோட்டை எடுத்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தார். நான் மின்விசிறியைப் போட்டேன். பதினாறாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

“இதை நான் எழுதல.”

“உங்க கையெழுத்துதானே ஆன்ட்டி.”

அவர் ஒரு ‘ழ’வின் வாலை விரலால் தொட்டுப் பார்த்தார். “கையெழுத்து என்னுதுதான்” என்றார். பிறகு, “உனக்கு எப்பத் தெரியும்?” என்றார்.

“டைப் பண்ணும்போதே தெரியும்.”

“தெரிஞ்சா மறைக்காம சொல்லிடுன்னு கேட்டிருந்தேன்ல.”

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல ஆன்ட்டி. இப்ப சொல்லிட்டேன்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தேங்க்ஸ் என்றார். உள்ளே போய்க் கைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். அதன் பிறகு அவர் காரை ஓட்டவே இல்லை. நான் அவருக்குத் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

மற்றதெல்லாம் தானாகவே நடந்தது, நான் எதையும் தொடவில்லை. பரிசுக்காரர்களுக்கு ஆன்ட்டியே கடிதம் எழுதிப் புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பட்டாபிராமன் சார் மறுபதிப்பை நிறுத்தினார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, ஆரம்ப நிலையில் தெரியாது என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டார். ஒரு குட்டி நோட்டை எப்போதும் கையில் வைத்துக்கொண்டு, ‘8.10 மாத்திரை. 8.30 கேஸ் மூடினேன். 8.35 மறுபடி பார்த்தேன், மூடித்தான் இருக்கிறது’ என்று எழுத ஆரம்பித்தார். ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். ஒரு பிழை கிடையாது.

இப்போது செப்டம்பர். அடுத்த சனிக்கிழமை ஜெரூஷா அக்கா அவரை நிரந்தரமாகப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. போவதற்கு முன் ஆன்ட்டியின் கடைசிப் புத்தக நோட்டுகளை என்னிடம் ஒப்படைத்துவிடலாம் என்று அக்கா எடுத்து வந்திருந்தார்.

“அம்மா கீழ கார்லதான் இருக்காங்க” என்றார். “மேல வரமாட்டேன்னுட்டாங்க. உன் முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்காம். உன் உழைப்பைப் பாழாக்கிட்டாங்களாம்.”

வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் மாறி வந்த மாடி வீடு இது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்து நிழலில் வெள்ளைக் கார். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு ஆன்ட்டி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தெருவில் போகிற வண்டிகளின் நம்பர், என்று பிறகு அக்கா சொன்னார். வீடு போய்ச் சேர்ந்ததும் எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று பார்ப்பாராம்.

“உனக்கு ஒண்ணு காட்டறேன் மாளு. இதைப் பாத்துதான் நான் நிஜமாவே பயந்தேன்.”

அக்கா பையிலிருந்து ஆறாவது நோட்டை எடுத்து முதல் பக்கத்தை விரித்தார். இடது மூலையில் சிலுவை. அதற்கு நேராக, பக்கத்தின் உச்சியில் நடுவே, குட்டியாக, பச்சை மையில் ஒரு பிள்ளையார் சுழி. கீழே இரண்டு கோடு.

பரீட்சைப் பேப்பர் முதல் மளிகை லிஸ்ட் வரைக்கும் சுழி போடாமல் நான் எதையும் தொடங்கியதில்லை. என் கை போட்டிருக்கிறது. என் கண் பார்க்கவில்லை. நாற்பத்தொரு சிலுவையை எண்ணி எண்ணிப் போட்டவள், இதைப் பார்க்கவில்லை.

“எங்கம்மா இருபது வருஷம் சண்டே ஸ்கூல் எடுத்தவங்க” என்றார் அக்கா. “அவங்க பிள்ளையார் சுழி போட்டிருக்காங்க. டாக்டர்கிட்ட காட்டினேன். தான் யாருங்கறதே குழம்புற ஸ்டேஜா இருக்கலாம்னார். அம்மா இதைப் பாத்துட்டு, ‘பாத்தியா ஜெரு, நானே இல்லாமப் போயிட்டேன்’னாங்க.”

நான் எவ்வளவு மகிழ்ந்துபோனேன் என்பதைச் சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். இதைவிட நேர்மையான துப்பு எந்த நாவலில் இருக்கிறது. முதல் பக்கம், முதல் வரிக்கு மேலே, பச்சை மையில். ரூலோவாக இருந்தால் உருளைக்கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, இந்த வட்டாரத்தில் நோட்டின் தலையில் சுழி போடுகிற கை யாருடையது என்று கேட்டிருப்பார். நான்கு மாதமாக ஒரு மகள், ஒரு டாக்டர், ஒரு பதிப்பாளர், ஒரு ஸ்ரீவத்சன் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

“அந்த மூணு சேப்டரையும் ஜெராக்ஸ் எடுத்து டாக்டர்கிட்ட குடுத்தேன்” என்று அக்கா தொடர்ந்தார். “கதை அவ்வளவு கோர்வையா, நம்பும்படியா இருக்கறதே ஒரு அறிகுறிதானாம். இல்லாததை மூளையே இட்டுக் கட்டிச் சொல்லுமாம். விடு மாளு. யார் மேலயும் தப்பில்ல. ஏதோ ஒரு இடத்துல அம்மாவுக்கு வழுக்கிடுச்சு. அவ்வளவுதான்.”

அறிகுறி. குரோம்பேட்டை பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது, ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதியது, நாலு மாதம் ஊரே தூக்கமில்லாமல் படித்தது. கிழவி கஞ்சி ஊற்றுகிற இடம். அது அறிகுறியாம். போதாததற்கு, வழுக்கிவிட்டதாம். இருபத்தேழு அத்தியாயம் கட்டி எழுப்பிவிட்டு ஈரப்படி என்று கைகழுவுவதை நான் கெல்லமாவிடமே பொறுத்துக்கொள்ளவில்லை. நடந்த ஒரு விஷயத்துக்குச் செய்தவர் என்று ஒருவர் இருக்க வேண்டும். ஆன்ட்டிக்கு அது தெரியவேண்டிய உரிமையும் இருக்கிறது. அவருக்காகத்தான் நான் எழுந்தேன்.

முக்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கினேன். செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் நடுவிலிருந்து நோட்டை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, அக்காவின் மடியில் வைத்தேன்.

“அம்மாவோட ஆறாவது நோட்டு இதுதாங்க்கா. ஆடு இதுல இருக்கு. உங்க கையில இருக்கறது நான் எழுதினது. கதையும் நான் எழுதினது, கையெழுத்தும் நான் போட்டது. அன்னைக்கு ராஜகீழ்ப்பாக்கத்துல அம்மாகிட்ட அவங்கதான் எழுதினாங்கன்னு நம்ப வெச்சதும் நான்தான். அம்மாவுக்கு எதுவும் மறக்கல. ஒரு வார்த்தைகூட மறக்கல. அந்த மாத்திரை எதுவும் அவங்களுக்குத் தேவையே இல்ல.”

அக்கா இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு முதல் பக்கத்தில் சிலுவை மட்டும். இன்னொன்றில் இரண்டும். அவர் விரல் சுழியின் மேல் போய் நின்றது. பிறகு நிமிர்ந்து, சுவரில் மாட்டியிருந்த எங்கள் வீட்டுப் பிள்ளையார் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரூலோ பெயரைச் சொல்வதற்கு முந்தின நொடி அப்படித்தான் இருக்கும். எனக்கு உச்சந்தலை ஜில்லென்றது. கீழே கார் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஆன்ட்டி பொறுமை இழந்திருப்பார்போல. மாடிப்படியில் மெதுவாகக் காலடி ஏறத் தொடங்கியது. அக்கா வாசல் பக்கம் திரும்பினார். நோட்டின் மேல் சிந்திவிடாமல் ஜூஸ் தம்ளரை எடுத்து மேஜையில் வைத்தேன்.

நேரம் அதிகம் இல்லை என்பதால் குனிந்து மெதுவாகத்தான் கேட்டேன்.

“அக்கா, கோபப்படறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அந்த மூணு அத்தியாயத்தையும் நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்க. கிழவிதான்னு உங்களுக்கு எந்த இடத்துல தெரிஞ்சுது? பக்கம் ஞாபகம் இல்லைன்னாலும் பரவால்ல, சுமாரா சொல்லுங்க.”